நீல விளக்கு – 7: கொல்லைவாசல்

சென்ற வாரம் 1966 அக்டோபரில் நிறுத்தியிருந்தோம். தகரப் பாத்திரம் விற்று ஊர் ஊராகத் திரிந்த செபாஸ்டியன் கிரெஸ்கி, ஐந்து காசு பத்துக் காசுக் கடைகளால் ஒரு சாம்ராஜ்யம் கட்டி, 99 வயதில் கண்மூடினார். செருப்பு அடி தேய்ந்தால் செய்தித்தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு நடந்த மனிதர். அவர் போன ஆண்டில் நிறுவனத்தின் விற்பனை நூறு கோடி டாலரைத் தொட்டிருந்தது.

அந்த நூறு கோடிக்குக் காரணம் கிழவர் அல்ல, ஹாரி கன்னிங்ஹாம். 1928-இல் சரக்கறைப் பயிற்சியாளாகச் சேர்ந்து நிறுவனத்தின் தலைவரானவர். தள்ளுபடிக் கடைகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1962 மார்ச் 1 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கார்டன் சிட்டியில் முதல் கேமார்ட்டைத் திறந்தவர்.

இந்த வாரம் பத்து ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறோம்.

★

நான்கு நாளைக்கு மூன்று கடை

1976-ஆம் ஆண்டில் மட்டும் கேமார்ட் 271 கடைகளைத் திறந்தது.

அது லீப் ஆண்டு, 366 நாள். வகுத்துப் பாருங்கள், நான்கு நாளைக்கு மூன்று கடை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர் வேண்டும், உதவி மேலாளர்கள் வேண்டும், கல்லாவில் நிற்க ஆள் வேண்டும். அலமாரி நிறையச் சட்டை, செருப்பு, தூண்டில், பொம்மை, கார் பேட்டரி எல்லாம் அடுக்கியாக வேண்டும். ஒரு கடையைத் திறந்து முடித்த குழு மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஊரில் நாடா வெட்டியாக வேண்டும்.

எப்படி முடிந்தது? கன்னிங்ஹாம் வகுத்துவிட்டுப் போன முறை அப்படி. கட்டடம் கேமார்ட்டுக்குச் சொந்தமில்லை. மனை வணிகர் நிலத்தை வாங்கி, கேமார்ட் கொடுத்த வரைபடப்படி ஒரே மாதிரிப் பெட்டியைக் கட்டிக் கொடுப்பார். கேமார்ட் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். ஒற்றைத் தளம், தட்டைக் கூரை, முன்னால் கடல்போல் வண்டி நிறுத்துமிடம், நெற்றியில் சிவப்பு 'கே', பக்கத்தில் நீலப்பச்சையில் 'மார்ட்'. ஒஹாயோவில் ஒரு கேமார்ட்டுக்குள் நுழைந்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவில் இன்னொன்றுக்குள் நுழைந்தாலும் துவைக்கும் சோப்பு எந்தப் பக்கம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

ஆட்கள்? அதற்குக் கிரெஸ்கி காலத்துப் பள்ளிக்கூடம் இருந்தது. கல்லூரி முடித்து வந்த இளைஞனையும் முதலில் சரக்கறைக்குத்தான் அனுப்புவார்கள். பெட்டி பிரி, தரை கூட்டு, அலமாரி அடுக்கு. பிறகு உதவி மேலாளர். பிறகு வேறு ஊர். பிறகு இன்னொரு ஊர். இப்படி உருண்டு வந்தவன் மேலாளர் ஆகும்போது கடை முழுவதும் அவன் கைக்குள் இருக்கும். என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதில் அவன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. கேமார்ட்டின் பெரிய பலம் இந்த மேலாளர்கள்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

அதே சமயம் ஒரு பழைய பங்காளி செத்துக்கொண்டிருந்தார். டபிள்யூ. டி. கிராண்ட் என்ற சங்கிலி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். கடனுக்குச் சரக்கு கொடுத்துக் கொடுத்து வசூலிக்க முடியாமல் 1975-இல் திவாலாகி, அடுத்த ஆண்டே கடைகளை மூடிவிட்டது. காலியான கிராண்ட் கட்டடங்களில் பலவற்றைக் கேமார்ட் எடுத்துக்கொண்டது. ஆயிரம் கடை இருந்தாலும் ஓராண்டில் ஒன்றுமில்லாமல் போகலாம் என்பதற்குச் சாட்சியாக நின்ற அந்தச் சுவர்களின் மேலேயே தன் பெயர்ப் பலகையை மாட்டியது.

1977-இல் நிறுவனத்தின் பெயரே மாறியது. 'எஸ். எஸ். கிரெஸ்கி கம்பெனி' போய் 'கேமார்ட் கார்ப்பரேஷன்' வந்தது. விற்பனையில் ஏறக்குறைய 95 சதவீதம் கேமார்ட்டிலிருந்தே வரும்போது கிழவர் பெயர் எதற்கு என்று நினைத்தார்கள். டெட்ராய்ட்டை விட்டு ஐந்து ஆண்டுக்கு முன்பே கிளம்பிப் புறநகரான ட்ராயில் பெரிய தலைமையகம் கட்டிக் குடியேறியாயிற்று.

1979-இல் கணக்கெடுத்தால், கேமார்ட்டுக்கு 1,891 கடைகள். ஒரு கடையின் சராசரி ஆண்டு விற்பனை 72.5 லட்சம் டாலர்.

அதே ஆண்டில் தெற்கே ஆர்கன்சாஸில் ஒரு சின்னச் சங்கிலி இருந்தது. 229 கடைகள். சராசரி விற்பனை கேமார்ட்டில் பாதி. அதன் பெயரை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

★

இலுப்பைப்பூ

1962 விசித்திரமான ஆண்டு. மார்ச்சில் கேமார்ட். மே மாதம் மினசோட்டாவில் டார்கெட். கோடையில் வுல்வொர்த் நிறுவனத்தின் வுல்கோ. ஜூலை 2 அன்று ஆர்கன்சாஸின் ராஜர்ஸ் என்ற சிற்றூரில் வால்மார்ட். ஒரே ஜாதகத்தில் நான்கு குழந்தைகள்.

நால்வரில் சோனிக் குழந்தை வால்மார்ட். மற்ற மூன்றுக்கும் பின்னால் பெரிய வீடுகள் இருந்தன. சாம் வால்டனுக்குப் பின்னால் இருந்தது 'பென் ஃப்ராங்க்ளின்' என்ற பெயரை வாடகைக்கு வாங்கி நடத்திய சில பல்பொருள் கடைகளும் நிறையக் கடனும். சிகாகோவிலிருந்த பென் ஃப்ராங்க்ளின் முதலாளிகளிடம் போய் "சிற்றூர்களில் தள்ளுபடிக் கடை போடலாம்" என்று கேட்டுப் பார்த்தார். அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

இரண்டாவது கடையை 1964-இல் ஹாரிசன் என்ற ஊரில் திறந்தபோது நடந்ததைச் சொல்லாமல் போகமுடியாது. திறப்பு விழாவுக்காக வாசலில் தர்பூசணியை மலைபோல் குவித்திருந்தார் வால்டன். குழந்தைகள் சவாரி செய்யக் கழுதைகளையும் கொண்டுவந்து கட்டியிருந்தார். வெயில் நூறு டிகிரிக்கு மேல் கொளுத்தியது. தர்பூசணிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கழுதைகள் தங்கள் கடமையைச் செய்தன. சிவப்புச் சாறும் சாணமுமாக மிதித்துக்கொண்டு ஜனம் கடைக்குள் போய்வர, தரையெங்கும் அதே குழம்பு. அதை வேடிக்கை பார்க்க வந்திருந்த டேவிட் கிளாஸ் என்ற இளைஞர், தான் பார்த்ததிலேயே மோசமான கடை இதுதான் என்று நினைத்தார். வேறு தொழில் பாருங்கள் என்று வால்டனுக்கு யோசனையும் சொன்னார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே கிளாஸ் வால்மார்ட்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1988-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

ட்ராயிலிருந்து பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர்களில் கடை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை எதற்காகப் பொருட்படுத்த வேண்டும்?

வால்டனோ கேமார்ட்டைப் பொருட்படுத்தினார். மிக மிகப் பொருட்படுத்தினார். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கேமார்ட் இருந்தால் உள்ளே போய்விடுவார். விலை குறித்துக்கொள்வார். அலமாரி எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பார். வேலையாளைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பார். தள்ளுபடிக் கடை என்ற வடிவத்தை உண்மையில் உருவாக்கியவர் கன்னிங்ஹாம்தான் என்று கடைசிவரை வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே.

எழுபதுகளின் நடுவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். 1976–77 வாக்கில் ஜெஃபர்சன் சிட்டி, பாப்ளர் பிளஃப், ஃபேயட்வில், ராஜர்ஸ் என வால்மார்ட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கு ஊர்களில் கேமார்ட் கடை போட்டது. ராஜர்ஸ் என்றால் வால்டனின் முதல் கடை இருந்த ஊர். வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டதுபோல.

விலைப்போர் மூண்டது. நார்த் லிட்டில் ராக்கில் ஒரு கட்டத்தில் பற்பசைக் குழாய் ஆறு சென்ட்டுக்குப் போனது. யார் முதலில் மூச்சு வாங்குவது என்ற போட்டி. வால்மார்ட் அசையவில்லை. கடைசியில் கேமார்ட் இழுத்துக்கொண்டது.

கேமார்ட்டின் கணக்கேட்டில் இது ஒரு கடையின் பற்பசை நஷ்டம். வால்டனுக்கு வேறொரு விஷயம் புரிந்துவிட்டது. மோதினால் சாகமாட்டோம்.

ஏன் சாகவில்லை? விலையை எல்லோரும் குறைக்கலாம். குறைத்த விலையில் எத்தனை நாள் நிற்கமுடியும் என்பது சரக்கு கடைக்கு வந்து சேர ஆகும் செலவைப் பொறுத்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடையின் முன்வாசலை விட்டுவிட்டுக் கொல்லைவாசலுக்குப் போகவேண்டும்.

★

லாரி வரும் வழி

வால்மார்ட் கிடங்கு கட்டியது தொலைநோக்கால் அல்ல. வேறு வழியில்லாததால்.

கேமார்ட் இருந்தது பெரிய நகரங்களிலும் புறநகர்களிலும். தயாரிப்பாளர்களும் மொத்த வியாபாரிகளும் தாங்களாகவே லாரியில் கடைவாசலுக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய கடை, பெரிய ஆர்டர், யார் வரமாட்டார்கள்? ஆர்கன்சாஸ் மலைக்காட்டுச் சிற்றூருக்கு எவரும் வரத் தயாராக இல்லை. வந்தாலும் நினைத்தபோது வருவார்கள், கேட்ட விலை வாங்குவார்கள்.

அதனால் வால்டன் 1970-இல் பெண்டன்வில்லில் தன் முதல் விநியோகக் கிடங்கை அமைத்தார். தயாரிப்பாளரிடம் லாரி லாரியாக மொத்தமாக வாங்குவது. கிடங்குக்குக் கொண்டுவருவது. பிரித்துத் தன் லாரிகளிலேயே கடைகளுக்கு அனுப்புவது. அந்த ஆண்டுதான் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது; கையில் மொத்தம் 38 கடைகள். 38 கடைக்குத் தனிக் கிடங்கா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

அதன்பிறகு கடை போடும் முறையே தலைகீழானது. மற்றவர்கள் எங்கே ஜனம் இருக்கிறதோ அங்கே கடை போட்டு, பிறகு சரக்குக்கு வழி தேடினார்கள். வால்டன் முதலில் கிடங்கைப் போட்டார். லாரி ஒரு நாளில் போய்ச்சேரக்கூடிய தொலைவைச் சுற்றி வட்டம் வரைந்தார். அந்த வட்டத்துக்குள் ஊருக்கு ஊர் கடை திறந்து நிரப்பினார். நிரம்பியதும் அடுத்த கிடங்கு, அடுத்த வட்டம். தன் சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, ஊருக்கு மேலே தாழப் பறந்து, எந்தச் சாலையில் வண்டி அதிகம் போகிறது என்று பார்த்து மனையை முடிவு செய்வார். புது ஊரில் கடை திறக்கும்போது விளம்பரம்கூட அதிகம் தேவைப்படவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

எண்பதுகளில் அந்தக் கிடங்குகள் வேறொன்றாக மாறின. ஒரு பக்கத்துக் கதவில் தயாரிப்பாளரின் லாரி வந்து நிற்கும். சரக்கு இறங்கி நகரும் பட்டையில் ஏறும். பட்டைக் குறியீட்டைக் கருவி படித்து எந்தக் கடைக்கு என்று பிரிக்கும். மறுபக்கக் கதவில் காத்திருக்கும் வால்மார்ட் லாரியில் போய் விழும். பல சரக்குகள் கிடங்கின் அலமாரியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கிடங்கு என்றால் சரக்கைக் கிடக்க வைக்கும் இடம் என்பதல்லவா நம் மொழியில் பொருள்? இங்கே கிடத்துவதுதான் குற்றம்.

1987-இல் தனக்கென்று செயற்கைக்கோள் தொடர்பு வலை ஒன்றையும் வால்மார்ட் முடித்துவிட்டது. ஒரு கடையின் கல்லாவில் இன்று எத்தனை டயப்பர் பொட்டலம் விற்றது என்பது அன்றே பெண்டன்வில்லுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு நிறுவனங்களையும் ஒப்பிட்டு 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' வெளியிட்ட கணக்கு இன்றும் மேலாண்மை வகுப்புகளில் பேசப்படுகிறது. வால்மார்ட் தன் சரக்கில் 85 சதவீதத்தைத் தன் சொந்தக் கிடங்குகள் வழியாகவே அனுப்பியது. கேமார்ட்டில் அது 50 சதவீதம். வால்மார்ட்டிடம் சொந்த லாரிகள் ஏறக்குறைய 2,000. கேமார்ட் வாடகை லாரி சிக்கனம் என்று வெளியாளிடம் கொடுத்துவிட்டது. வால்மார்ட்டின் அலமாரி வாரத்துக்கு இரண்டு முறை நிரம்பியது; தொழிலில் மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

வாடகை லாரி சிக்கனம் என்று முடிவெடுத்தவர் முட்டாள் இல்லை. தாளில் கூட்டிப் பார்த்தால் அது சிக்கனமேதான். கடையில் அலமாரி காலியாக இருந்ததால் திரும்பிப் போன அம்மாளின் கணக்கு அந்தத் தாளில் வரவில்லை, அவ்வளவுதான்.

★

விளக்கு எதற்கு எரிந்தது?

இந்தத் தொடருக்குப் பெயர் கொடுத்த நீல விளக்குக்கு இப்போது திரும்பியாக வேண்டும். அதன் பிறப்பை நான்காம் பாகத்தில் சொன்னேன். 1965, இந்தியானாவில் ஃபோர்ட் வேன். ஏர்ல் பார்ட்டெல் என்ற கேமார்ட் ஊழியர் விற்காமல் கிடந்த சரக்கைத் தள்ளுவதற்காக, போலீஸ் வண்டியில் சுழலும் விளக்கு மாதிரி ஒன்றைக் கம்பத்தில் மாட்டி, அந்தச் சரக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "கேமார்ட் வாடிக்கையாளர்களே, கவனியுங்கள்!" என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். நீல விளக்கு சுழலும். பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் விலை சரியும். தள்ளுவண்டிகள் பறக்கும்.

அதை ஒரு குதூகலமாக அப்போது எழுதினேன். குதூகலம்தான், மறுக்கவில்லை. அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் ஒரு தலைமுறைக்கே அது குழந்தைப்பருவ நினைவு.

ஆனால் அந்த விளக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். யாரோ ஒரு சரக்கைத் தேவைக்குமேல் வாங்கியிருக்கிறார்கள். அது தேங்கியிருக்கிறது. இனி அடிமாட்டு விலைக்குத் தள்ளியாக வேண்டும். விளக்கு சுழலும் ஒவ்வொரு முறையும் ஒரு கொள்முதல் தப்பு ஊரறிய ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. மருந்து நன்றாக வேலை செய்தது. அதனால் நோயை யாரும் பார்க்கவில்லை.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கேமார்ட்டின் உயிர் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளோடு வரும் விலைத்தாளில் இருந்தது. வண்ணப் படங்களோடு இந்த வாரம் எது மலிவு என்று வரும். அதைப் பார்த்துவிட்டு ஜனம் கூட்டமாக வரும். குறிப்பிட்ட சரக்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அடுத்து வருபவருக்குக் கிடைப்பது ஒரு சீட்டு: சரக்கு வந்ததும் இதே விலைக்குத் தருகிறோம். அடுத்த வாரம் விலை ஏறும், விற்பனை விழும், கூடுதலாக வரவழைத்தது மூலையில் கிடக்கும். பிறகென்ன, நீல விளக்கு.

விலை ஏறி இறங்கினால் வரத்தும் ஏறி இறங்கும். எவ்வளவு வாங்குவது என்று மேலாளர் ஊகித்துத்தான் ஆகவேண்டும். நல்ல மேலாளர் நன்றாக ஊகிப்பார். ஆரம்பத்தில் சொன்னேனே, கேமார்ட்டின் பலம் அதன் மேலாளர்கள் என்று? இரண்டாயிரம் கடை, இரண்டாயிரம் ஊகம்.

வால்மார்ட் விலையை ஏற்றி இறக்கும் விளையாட்டைக் கூடியவரை தவிர்த்தது. தினமும் ஒரே குறைந்த விலை. விலை நிலையாக இருந்தால் விற்பனையும் ஏறக்குறைய நிலையாக இருக்கும். அப்போதுதான் லாரியை அட்டவணை போட்டு ஓட்டமுடியும். முன்வாசலில் எழுதிய விலையும் கொல்லைவாசலில் வந்து நிற்கும் லாரியும் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டவை. ஒன்றை மட்டும் காப்பியடித்தால் மற்றது வராது.

(ஆஸ்திரேலியாவிலிருந்து இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். உங்கள் ஊர்க் கேமார்ட்டும் கோல்ஸ் நிறுவனமும் கிரெஸ்கியும் கூட்டாக 1969-இல் தொடங்கிய கடைதான். பிறகு அமெரிக்கப் பங்கு கைமாறிவிட்டது. அது இன்றும் கூட்டமாக ஓடுவது தனிக் கதை.)

★

பணம் போன வழி

எண்பதுகளில் ட்ராயில் இருந்தவர்களுக்கு வேறொரு கவலை. நாடு முழுவதும் கடை போட்டாயிற்று. இனி எங்கே வளர்வது?

கன்னிங்ஹாம் எப்போதோ விலகியிருந்தார். அவருக்குப் பின் ராபர்ட் டூவர். வழக்கறிஞராக நிறுவனத்துக்கு வந்தவர். 1980-இல் பெர்னார்ட் ஃபாபர். தள்ளுபடிக் கடை என்ற வயலில் விளைச்சல் முடிந்தது, புது நிலம் வாங்கவேண்டும் என்ற முடிவு அவர் காலத்தில் செயலுக்கு வந்தது.

வாங்கினார்கள். உணவகச் சங்கிலி. 1984-இல் வால்டன்புக்ஸ் என்ற புத்தகக் கடைச் சங்கிலி (சாம் வால்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதே ஆண்டு வீடு கட்டும் பொருள் விற்கும் பில்டர்ஸ் ஸ்கொயர். 1985-இல் மருந்துக் கடைச் சங்கிலி. இன்னும் வரப்போகின்றன: விளையாட்டுச் சாமான், அலுவலகச் சாமான், மொத்த விற்பனைக் கிளப்.

1987-இல் ஒரு விற்பனையும் நடந்தது. மிச்சமிருந்த பழைய கிரெஸ்கி கடைகளையும் ஜூபிட்டர் கடைகளையும் மக்ரோரி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் பாகத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 1897-இல் இளைஞன் கிரெஸ்கி தன் சேமிப்பைக் கொண்டுபோய்க் கூட்டுச் சேர்ந்தது ஜான் மக்ரோரியோடுதான். தொண்ணூறு ஆண்டு கழித்துப் பொருள் புறப்பட்ட வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ட்ராயில் அதற்காக யாராவது ஒரு நிமிடம் நின்றார்களா தெரியாது. எனக்கு அந்த வரியை எழுதும்போது கை நின்றது.

இத்தனை வாங்கிக்கொண்டிருந்தபோது கேமார்ட் கடைகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 1976-இல் நான்கு நாளைக்கு மூன்று என்று முளைத்தவை எல்லாம் ஒன்றாகவே கிழடு தட்டின. தரை ஓடு பெயர்ந்தது. விளக்குகள் மினுக்கின. வாசலில் வண்டி நிறுத்துமிடம் விரிசல் விட்டது. ஊர் வேறு பக்கம் வளர்ந்துபோனாலும், மலிவுக் குத்தகை இன்னும் பல ஆண்டு பாக்கி இருந்ததால் கடை பழைய இடத்திலேயே நின்றது.

★

மார்த்தா வருகிறார்

1987 இலையுதிர் காலத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் ஜோசப் அன்டனீனி. மேற்கு வர்ஜீனியாக்காரர். வயது 46. 1964-இல் பயிற்சியாளாகச் சேர்ந்து கிரெஸ்கி பள்ளிக்கூடத்திலேயே வளர்ந்தவர். சிரித்த முகம், அசராத நம்பிக்கை. ஆடைப் பிரிவில் பெயர் எடுத்தவர். 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் நடிகை ஜாக்லின் ஸ்மித் பெயரில் கேமார்ட் 1985-இல் கொண்டுவந்த பெண்கள் ஆடை வரிசை நன்றாக ஓடியிருந்தது.

அன்டனீனிக்குத் தெரிந்தது இதுதான்: கேமார்ட்டின் முகம் அசிங்கமாகிவிட்டது. முகத்தை மாற்ற வேண்டும். விருந்தோம்பலும் வீட்டு அலங்காரமும் எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த மார்த்தா ஸ்டூவர்ட்டை அதே 1987-இல் கேமார்ட் ஆலோசகராக ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு 'ரெயின் மேன்' படம் வந்தது. டஸ்டின் ஹாஃப்மன் நடித்த பாத்திரம் தன் உள்ளாடை கேமார்ட்டில் வாங்கியதாகத்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்; படம் முடிவதற்குள் அதே வாய் கேமார்ட்டை ஒரு வசவும் வையும். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. திரையரங்கில் ஊரே சிரித்தது.

அன்டனீனி பொறுப்பேற்ற ஆண்டின் கணக்கு: கேமார்ட்டின் விற்பனை சுமார் 2,560 கோடி டாலர். வால்மார்ட் சுமார் 1,600 கோடி. கடைகள் இங்கே 2,200-க்கு மேல். அங்கே ஏறக்குறைய அதில் பாதி.

ஆனால் வட்டங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. சிற்றூர்களில் தொடங்கிய அந்த வட்டம், கிடங்குக்குப் பின் கிடங்காக விரிந்து, இப்போது கேமார்ட்டின் புறநகர்களைத் தொட்டது.

1990 பிப்ரவரியில் அன்டனீனி திட்டத்தை அறிவித்தார். ஐந்து ஆண்டு, 230 கோடி டாலர். கேமார்ட் கடைகள் அத்தனையையும் புதுப்பிப்பது, பெரிதாக்குவது, இடம் மாற்றுவது, முடியாததை மூடுவது. பழைய சிவப்பும் நீலப்பச்சையும் போய்ப் பெரிய சிவப்புக் 'கே' ஒன்று, அதன்மேல் வெள்ளையில் 'மார்ட்' என்று சாய்ந்த எழுத்து. செயற்கைக்கோளும் கல்லாக் கருவிகளும் கேமார்ட்டும்தான் வாங்கியது. தகவல் ட்ராய்க்கு வந்தது. வந்த தகவலைக் கேட்டு ஓடத் தனக்கென்று லாரி அதனிடம் இல்லை.

ஓராண்டு போயிற்று.

1991 ஜனவரி 31-ஆம் தேதியோடு வால்மார்ட்டின் கணக்காண்டு முடிந்தது. விற்பனை 3,260 கோடி டாலர். கேமார்ட்டுக்கு 3,200 கோடி சொச்சம். தன் கிளப் கடைகளையெல்லாம் சேர்த்தாலும் கேமார்ட்டைவிடக் குறைந்த எண்ணிக்கையில் கடை வைத்துக்கொண்டு, வால்மார்ட் அதைத் தாண்டியது. சியர்ஸையும் தாண்டியது. தர்பூசணிக்காரர் அமெரிக்காவின் முதல் சில்லறை வியாபாரி ஆகிவிட்டார்.

அந்த ஆண்டே கேமார்ட் இன்னொரு முடிவும் எடுத்தது. மார்த்தா ஸ்டூவர்ட் படுக்கை விரிப்பு விற்கப்போகும் கடையில் போலீஸ் விளக்கு சுழல்வது அழகாக இல்லை.

ஃபோர்ட் வேனில் ஏற்றிய விளக்கு, 26 ஆண்டு சுழன்றபின், அணைக்கப்பட்டது.

இனி தேங்கிய சரக்கு என்ன ஆகும்? 230 கோடி டாலரில் தரைக்கும் கூரைக்கும் வண்ணத்துக்கும் போனது போகக் கொல்லைவாசலுக்கு மிஞ்சப்போவது எவ்வளவு? இதற்கிடையே புத்தகக் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும் தங்களுக்கும் முதல் வேண்டும் என்று கை நீட்டுகின்றன. 1994 ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டத்தில் அன்டனீனி அதற்கு ஒரு வழி சொல்லப்போகிறார். நான்கு ஆண்டு பொறுமையாக இருந்தவர்கள் அன்றைக்கு ஏன் முடியாது என்றார்கள்?

(அடுத்த வாரம்)